டெட் ஸ்டாக் ரெஜிஸ்டரில் ஏறாத வேப்ப மரம்

மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் உள்ள பல்கலைக்கழக, கல்லூரி நிர்வாகக் குழுவினருக்கும், முதல்வர்களுக்கும், கட்டடக் கமிட்டியில் கையெழுத்துப் போடுகிற பெரியவர்களுக்கும் வணக்கம்.

நான் பேராசிரியர் இல்லை. இயற்பியல் துறையில் ஆய்வக உதவியாளராக 31 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பிள்ளைகளுக்கு முதலில் 'லேப் அண்ணன்', தலை நரைத்த பிறகு 'லேப் அய்யா'. எந்தக் கல்லூரி என்று சொல்லப் போவதில்லை. சொன்னால், 'இது அவர்களுக்கு எழுதிய கடிதம்' என்று மற்றவர்கள் நிம்மதியாக அடுத்த வேலைக்குப் போய்விடுவீர்கள்.

என் உத்தியோகத்தில் பாதி, ரெஜிஸ்டர் எழுதுவது. ஸ்டாக் ரெஜிஸ்டர், நிரந்தரச் சாமான்களுக்கான டெட் ஸ்டாக் ரெஜிஸ்டர், உடைந்ததை எழுதும் பிரேக்கேஜ் ரெஜிஸ்டர். ஒரு தெர்மாமீட்டர் உடைந்தால் எந்த வகுப்பு, எந்தப் பையன், என்ன தேதி, என்ன விலை என்று எழுதி, துறைத் தலைவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். எங்கள் லேபில் சிறு மின்னோட்டத்தைக் காட்டும் கால்வனாமீட்டர் ஒன்று, முள் அசையாமல் இருந்தது. நான் வேலைக்குச் சேரும்போதே அது அசையாது. ஆனாலும் அதைத் தூக்கிப் போட முடியாது. கண்டம் செய்ய, அதாவது உபயோகமில்லை என்று கழிக்க வேண்டுமென்றால் கமிட்டி கூட வேண்டும், மூன்று பேர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும், அப்புறம்தான் ரெஜிஸ்டரில் அடிக்க முடியும். அந்தக் கமிட்டி கூடவே இல்லை. நான் ஓய்வு பெறும்போது என் அடுத்தவரிடம் அந்தக் கால்வனாமீட்டரையும் எண்ணிக் காட்டி ஒப்படைத்துவிட்டுத்தான் வந்தேன்.

அதே கல்லூரியில், இயற்பியல் கட்டடத்தின் மேற்குப் பக்கம் நின்ற ஏழு மரங்களை ஒரு மே மாதத்தில் ஒன்றரை நாளில் வெட்டி முடித்தார்கள். ஐந்து வேம்பு, ஒரு புங்கு, ஒரு நாவல். டூவீலர் நிறுத்துமிடம் வருகிறது என்றார்கள். எந்த ரெஜிஸ்டரிலும் இது பற்றி ஒரு வரி கிடையாது. வரவு வைத்திருந்தால்தானே கழிப்பதற்கு!

அன்றைக்கு நான் லேபில்தான் இருந்தேன். மாணவர்களுக்குத்தான் விடுமுறை, எங்களுக்கு அது சாமான் சரிபார்க்கிற மாதம். காலை எட்டு மணிக்கு மெஷின் வாள் சத்தம் கேட்டது. பின்தெருவில் யாரோ வீடு கட்டுகிறார்கள் என்று நினைத்து லென்ஸ்களைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பத்து மணி வாக்கில் லேபுக்குள் வெளிச்சம் வந்தது. அத்தனை வருடத்தில் அந்த ஜன்னல் வழியாக அவ்வளவு வெளிச்சம் வந்து நான் பார்த்ததில்லை. எழுந்து போய்ப் பார்த்தால் மரம் இருந்த இடத்தில் வானம்.

மூன்றாவது வேம்பில் ஒரு பொந்து உண்டு. அதில் ஒரு ஜோடி புள்ளி ஆந்தை குடியிருந்தது. சாயங்காலம் நான் லேபைப் பூட்டுகிற நேரத்துக்கு அவை வேலைக்குக் கிளம்பும். நான் கீழே இறங்கும்போது கிளையில் உட்கார்ந்து கழுத்தை மட்டும் திருப்பிப் பார்க்கும். வெட்டின அன்று அவை எங்கே போயின என்று யாருக்கும் தெரியவில்லை. வாட்ச்மேன் அண்ணன் தன் ஆடுகளுக்கு இரண்டு கட்டு வேப்பங்குழை எடுத்துக்கொண்டார். மரக்கடைக்காரரின் லாரி கட்டைகளை ஏற்றிக்கொண்டு போனது. ஈர வேப்பங்கட்டையின் கசப்பு வாசம் லேபுக்குள் இரண்டு நாள் நின்றது.

அடுத்த பருவத்தில், ஒளியைப் பிரித்துக் கோடுகளாகக் காட்டும் ஸ்பெக்ட்ரோமீட்டர் பிராக்டிகல் வந்தபோது அறையில் வெளிச்சம் அதிகம், கோடுகள் சரியாகத் தெரியவில்லை என்று ஆசிரியர்கள் சொன்னார்கள். கனமான கறுப்புத் திரைச்சீலை வாங்கினோம். அதை நானே ஸ்டாக் ரெஜிஸ்டரில் வரவு வைத்தேன். ஏழு மரம் போனதற்கு அந்தக் கல்லூரியில் எழுத்தில் இருக்கிற ஒரே அத்தாட்சி அந்தத் திரைச்சீலைதான்.

ஜூனில் கல்லூரி திறந்தது. முதல் நாள் 12.40-க்கு பெல் அடித்ததும் இரண்டாம் வருடப் பிள்ளைகள் டிபன் பாக்ஸோடு வழக்கமான இடத்துக்கு வந்தார்கள். பேவர் கல் பதித்து வெள்ளைக் கோடு போட்டிருந்தது. ஒருத்தி பழக்கதோஷத்தில் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உட்காரப் போனவள், கால் சுட்டுத் துள்ளி எழுந்தாள். எல்லோரும் சிரித்தார்கள். அப்புறம் லேப் மாடிப்படியில் படிக்கு இரண்டு பேராக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ஏறி இறங்குகிறவர்களுக்காக ஒவ்வொரு தடவையும் டிபன் பாக்ஸை எடுத்து மடியில் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. நான் ஓய்வு பெறும் வரை அவர்கள் சாப்பாடு அந்தப் படியில்தான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. புது நிறுத்துமிடத்தில் யாரும் வண்டி நிறுத்தவில்லை. சீட் கொதிக்கிறது, பெட்ரோல் டேங்கைத் தொட முடியவில்லை. சீக்கிரம் வருகிறவர்கள் எல்லாம் வாசலருகே மிச்சமிருந்த ஒரே ஒரு புளிய மரத்தடியில் முண்டியடித்து நிறுத்தினார்கள். தாமதமாக வருகிறவர்கள் மட்டும் வேறு வழியில்லாமல் பேவர் கல்லுக்குப் போய், சீட்டின் மேல் செய்தித்தாளைப் போட்டுக் கல்லை வைத்தார்கள். கடைசியில் அங்கே தகரக் கூரை போடப் பணம் ஒதுக்கினார்கள். அந்தக் கூரைக்கு ரெஜிஸ்டர் உண்டு.

ஒரு கல்லூரி வளாகத்தில் மரத்தடி யாருக்குத் தேவைப்படுகிறது என்று மேல்மாடி அறையில் உட்கார்ந்து பார்த்தால் தெரியாது. ஏசி அறை உள்ளவர்களுக்கும் காரில் வந்து இறங்குகிறவர்களுக்கும் மரம் ஒரு அழகு, அவ்வளவுதான். பேரையூர், எழுமலை, கொட்டாம்பட்டி பக்கத்துக் கிராமங்களிலிருந்து வருகிற பிள்ளைகளைக் கேளுங்கள். ஊருக்கு ஒரு பஸ். காலையில் அதை விட்டால் அடுத்தது பத்தரைக்கு. அதனால் ஏழேமுக்காலுக்கே கல்லூரி வாசலில் இறங்கிவிடுவார்கள். வகுப்பறை பூட்டியிருக்கும். நூலகம் திறக்கப் பத்து மணி ஆகும். மதிய ஷிப்ட் பிள்ளைகள் நிலைமை இன்னும் மோசம். ஒன்றரை மணி வகுப்புக்குப் பன்னிரண்டுக்கே வந்துவிடுவார்கள், காலை ஷிப்ட் முடியும் வரை உட்கார ஒரு பெஞ்சு கிடையாது. உச்சி வெயில் நேரம். கேன்டீனில் உட்கார்ந்தால் எதாவது வாங்க வேண்டும். மரத்தடியில் அந்தப் பிரச்சினை இல்லை. 2021 முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்றான பிறகு, படிக்க வருகிற கிராமத்துப் பெண்பிள்ளைகளுக்குப் பஸ் கூலி மிச்சமானது. வந்து இறங்கிய பிறகு அவர்கள் உட்காருகிற இடத்தைத்தான் நாம் கல் பதித்து மூடுகிறோம்.

அந்த மரத்தடியில் என்னவெல்லாம் நடந்தது என்று நான் பார்த்திருக்கிறேன். ரெக்கார்டு நோட் எழுதுவார்கள், பார்த்து எழுதுவார்கள். சீனியர் ஜூனியருக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பான். பேராசிரியரிடம் கேட்கக் கூச்சப்படுகிற சந்தேகங்களை அங்கேதான் தீர்த்துக்கொள்வார்கள். ரிசல்ட் வந்த அன்று அரியர் விழுந்தவர்கள் நாவல் மரத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்திருப்பார்கள், யாரும் தொந்தரவு செய்ய மாட்டார்கள். மன ஆலோசனை மையம் என்று ஒரு அறைக்குப் பலகை மாட்டியிருந்தார்கள். 31 வருடத்தில் அந்த அறைக்குள் ஒரு பிள்ளை போய் நான் பார்த்ததில்லை. பார்த்துவிடுவார்கள் என்ற பயம்தான்.

சரி, இதெல்லாம் ஒரு கிழவனின் ஏக்கம் என்று ஒதுக்கிவிடலாம். இயற்பியல் லேபில் இருந்தவன், கொஞ்சம் கணக்கும் சொல்கிறேன்.

ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக ஏறக்குறைய 24 லட்சம் ஜூல் வெப்பம் வேண்டும். மின்வாரியக் கணக்கில் சொன்னால் 0.67 யூனிட். வேருக்கு ஈரம் எட்டுகிற ஒரு பெரிய மரம் ஒரு நல்ல வெயில் நாளில் நூறு லிட்டர் வரை இலை வழியாக ஆவியாக்கும். அப்படியானால் 67 யூனிட் வெப்பத்தைச் சுற்றுப்புறத்திலிருந்து உறிஞ்சிக்கொள்கிறது. ஒரு டன் ஏசி ஒன்று விடாமல் 19 மணி நேரம் ஓடினால் அறையிலிருந்து அள்ளுகிற வெப்பம் அவ்வளவு. ஏசி அதை அள்ளி ஜன்னலுக்கு வெளியே, நடந்து போகிறவன் முகத்தில் கொட்டுகிறது. மேலே மின்சாரம் தின்ற சூட்டையும் சேர்த்துக் கொட்டுகிறது. நேர்மையாகச் சொல்ல வேண்டுமென்றால் மரமும் ஏசியும் ஒன்றுக்கொன்று சமமில்லை. மரம் திறந்த வெளியில் நிற்கிறது, அது தரும் குளிர்ச்சியைக் காற்று கொண்டுபோய்விடும். தண்ணீர்த் தட்டுப்பாடு வந்தால் மரமும் இலைத்துளைகளை மூடிக்கொண்டு சிக்கனமாகிவிடும். ஆனால் நிழல் அப்போதும் நிற்கும். நிழல் விழும் தரையும் சுவரும், அதே பொருள் உச்சி வெயிலில் காய்வதைவிட 11 முதல் 25 டிகிரி வரை குளிர்ச்சியாக இருக்கக்கூடும் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சொல்கிறது. செருப்பைக் கழற்றிய அந்தப் பிள்ளையின் காலுக்கு இந்தக் கணக்கு முன்பே தெரியும்.

சுவர் விஷயம் முக்கியம். கட்டடக் கமிட்டியில் உள்ள பொறியாளர்களுக்கு இது தெரியாததில்லை. மேற்குச் சுவரில் இரண்டு மணிக்கு மேல் வெயில் நேராக அடிக்கும். செங்கல் அந்தச் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு மெதுவாக உள்ளே விடும். நம்முடைய செமஸ்டர் தேர்வு ஏப்ரல், மே மாதங்களில். பிற்பகல் தேர்வு இரண்டு மணிக்குத் தொடங்கி ஐந்துக்கு முடியும். மதுரையில் அந்த மாதங்களில் 40 டிகிரியைத் தாண்டுகிற நாட்கள் சாதாரணம். ஏழு மரமும் மேற்கில் நின்றது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. கட்டடம் கட்டிய காலத்தில் யாரோ யோசித்து நட்டிருக்கிறார்கள். மரம் போன பிறகு, அந்தப் பக்க அறைகளில் தேர்வெழுதுகிறவர்கள் விடைத்தாளில் வியர்வை படாமல் இருக்க முழங்கைக்குக் கீழே கைக்குட்டை விரித்துக்கொள்வதைப் பார்த்தேன். மேற்பார்வைக்கு வந்த ஆசிரியர் அந்தக் கைக்குட்டையைப் பிட் என்று சந்தேகப்பட்டு உதறிப் பார்த்தார், பாவம்.

சூடு படிப்பைக் கெடுக்குமா என்று கேட்டால், ஹார்வர்டு ஆட்கள் 2016 கோடையில் பாஸ்டன் நகரத்தில் அளந்து பார்த்திருக்கிறார்கள். வெப்ப அலை வந்த நாட்களில், ஏசி இல்லாத விடுதியில் தங்கிய மாணவர்கள், ஏசி விடுதி மாணவர்களைவிட ஒரு சோதனையில் 13 சதவீதம் மெதுவாகப் பதில் சொன்னார்கள். மொத்தம் 44 பேர்தான், சின்ன ஆய்வு. ஆனால் அவர்கள் எல்லாம் இருபது வயதை ஒட்டிய ஆரோக்கியமான பிள்ளைகள், நம் பிள்ளைகளைப் போல. 'அப்படியானால் எல்லா அறைக்கும் ஏசி போடுகிறோம்' என்று தயவுசெய்து கிளம்பிவிடாதீர்கள். மின்விசிறிக்கே புகார்ப் புத்தகத்தில் வரிசை நிற்கிறது.

இன்னொரு ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஐந்து உயர்நிலைப் பள்ளிகளைச் சேர்ந்த 94 மாணவர்களை மூன்று விதமான அறைகளில் உட்கார வைத்தார்கள். ஜன்னலே இல்லாத அறை, ஜன்னல் வழியாகக் கட்டடம் தெரிகிற அறை, ஜன்னல் வழியாக மரம் தெரிகிற அறை. டோங்யிங் லி, வில்லியம் சல்லிவன் என்ற இருவர் 2016-ல் வெளியிட்டது. பாடம் போன்ற வேலைகளைக் கொடுத்தபோது மூன்று அறைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அப்புறம் பத்து நிமிடம் இடைவேளை விட்டார்கள், அதே அறையில். இடைவேளை முடிந்து மறுபடி சோதித்தால், மரம் தெரிந்த அறைப் பிள்ளைகளின் கவனம் தெளிந்திருந்தது, படபடப்பும் தணிந்திருந்தது. மற்ற இரண்டு அறைகளில் அப்படி இல்லை. ஆக, மரம் வேலை செய்வது இன்டர்வெல்லில். 11.20 பெல்லுக்கும் 11.30 பெல்லுக்கும் நடுவில் பிள்ளைகள் எதைப் பார்க்கிறார்கள் என்பது அடுத்த வகுப்பு ஆசிரியருக்குக் கிடைக்கிற பிள்ளைகளை மாற்றுகிறது. நம் கல்லூரிகளில் அந்தப் பத்து நிமிடம் அவர்கள் பார்ப்பது பெரும்பாலும் எதிர்க் கட்டடத்தின் ஏசி வெளிப்பெட்டியை, இல்லாவிட்டால் கையில் உள்ள போனை.

இனி மரம் நடுவது பற்றி. வெட்டினால் நடுகிறோமே என்பீர்கள், ஒன்றுக்குப் பத்தாக. எங்கள் கல்லூரியிலும் நட்டார்கள், அதுவும் ஜூன் 5-ஆம் தேதி, பேனர் கட்டி. எழுபது குழி, எழுபது கன்று, விருந்தினர் கையில் பிளாஸ்டிக் வாளி. ஆடி முடியும்போது நான் எண்ணிப் பார்த்தேன், உயிரோடு இருந்தது நான்கு. இதில் தண்ணீர் ஊற்றுகிற ஆளைக் குறை சொல்லிப் பயனில்லை. மதுரை மாவட்டத்தில் ஆண்டுக்கு ஏறக்குறைய 850 மில்லிமீட்டர் மழை. அதில் பாதியளவு வடகிழக்குப் பருவமழையில், அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் பெய்துவிடும். ஜூன் மாதம் இங்கே சுடுகாற்று அடிக்கிற மாதம். ஆனி, ஆடிக் காற்றில் வளர்ந்த வாழையே சாய்கிறது, அரை அடிக் கன்று என்ன செய்யும்? 1950-ல் கே.எம். முன்ஷி வன மகோத்சவத்தை ஜூலை முதல் வாரத்தில் தொடங்கி வைத்தபோது, வடக்கே அது மழை தொடங்குகிற காலம். டெல்லிக்குச் சரியான தேதி. நமக்கு ஐப்பசி வேண்டும். புரட்டாசியில் குழி வெட்டி ஆற விட்டு, முதல் இரண்டு நல்ல மழை விழுந்த பிறகு நட்டால் மார்கழி வரை மழையே பார்த்துக்கொள்ளும். சுற்றுச்சூழல் தினத்தைக் கொண்டாடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அன்றைக்கு இருக்கிற மரத்துக்குத் தண்ணீர் ஊற்றிப் போட்டோ எடுத்துக்கொள்ளலாமே.

ஒன்றுக்குப் பத்து என்பதிலும் ஒரு கணக்கு இடிக்கிறது. வெட்டிய வேம்பின் தலை குறுக்கே 12 மீட்டர் இருக்கும் என்று வையுங்கள். உச்சி நேரத்தில் அது தரும் நிழல் 113 சதுர மீட்டர். அரை மீட்டர் அகலக் கன்று தருவது 0.2 சதுர மீட்டர். பத்துக் கன்றுக்கு இரண்டு சதுர மீட்டர், ஒருவர் காலை நீட்டிப் படுக்கலாம். போன நிழலை இன்றைக்கே திருப்பித் தர வேண்டுமானால் 570-க்கு மேல் கன்று வேண்டும். மூன்று வருடம் படித்துவிட்டுப் போகிற பிள்ளைக்கு இருபது வருடம் கழித்து வரப்போகும் நிழல் எதற்கு?

எந்த மரம் என்பதில் நர்சரிக்காரர் சொல்வதைக் கேட்டு ஏமாறாதீர்கள். சீக்கிரம் வளரும், ஆடு கடிக்காது, எப்போதும் பச்சையாக இருக்கும் என்று சொல்லி கோனோகார்பஸ் என்ற வெளிநாட்டு மரத்தைத் தலையில் கட்டிவிடுவார்கள். குஜராத் அரசு 2023-லேயே அதை நடத் தடை போட்டது. அப்படியே மதில் ஓரம் வேலி மாதிரி வெட்டி நிறுத்தினாலும் அதன் கீழே யாரும் உட்கார முடியாது. நம் ஊர் எந்த மரத்தைத் தாங்கும் என்று பஸ் பலகையைப் படித்தாலே தெரியும். உசிலம்பட்டி, ஆத்திகுளம், இலந்தைக்குளம், புளியங்குளம், அரசரடி. ஊரே ஒரு காலத்தில் கடம்பவனம் என்கிறது தலபுராணம், மீனாட்சி அம்மன் கோவிலின் தல மரமும் கடம்புதான். கல்லூரிக்கு வேம்பும் புங்கும் போதும் என்பேன். மற்ற மரங்கள் பல வாடும் பங்குனி, சித்திரையில் புங்கு புதுத் தளிர் விட்டு, தரையெல்லாம் பொரி இறைத்தது போலப் பூவை உதிர்க்கும். சரியாகத் தேர்வு நேரத்துக்கு நிழலோடு வந்து நிற்கிற மரம் அது. வாய்க்கால், கிணறு பக்கம் மருது, நாவல். நாவலை வண்டி நிறுத்துமிடத்தில் வைக்காதீர்கள், பழம் விழுந்து சீட்டெல்லாம் கறையாகும், பிறகு வெட்டச் சொல்லி மனு வரும். நடைபாதை ஓரம் மகிழம். இடம் இருந்தால் ஒரு ஏழிலைப்பாலை. அதன் பலகையில் ஒரு காலத்தில் பள்ளிப் பிள்ளைகள் எழுதினார்கள், அதனால்தான் அறிவியல் பெயரிலேயே 'ஸ்காலரிஸ்' என்று ஒட்டிக்கொண்டது. சாந்திநிகேதனில் பட்டம் வாங்குகிறவர்களுக்கு அந்த இலையைக் கொடுப்பது வழக்கம். பூ வாசம் கொஞ்சம் தூக்கலாக இருக்கும், விடுதி ஜன்னலுக்கு அருகில் வேண்டாம்.

நாகமலை அடிவாரத்தில் 1966-ல் தொடங்கிய பல்கலைக்கழகத்துக்கும், யானைமலை நிழலில் 1965 முதல் இருக்கிற வேளாண் கல்லூரிக்கும் நிலத்துக்குப் பஞ்சமில்லை. ஊருக்குள் உள்ள கல்லூரிகளுக்கு ஒவ்வொரு சென்ட்டும் கணக்கு என்பதும் எனக்குப் புரிகிறது. ஆனால் சித்திரை மாதம் கோரிப்பாளையம் சிக்னலில் நின்றுவிட்டு, பக்கத்தில் இருக்கிற அமெரிக்கன் கல்லூரியின் மரங்களுக்குள் நுழைந்தவர்களுக்கு, ஊர் நடுவிலும் இது முடியும் என்று தெரியும்.

உங்கள் பக்கத்து நியாயத்தையும் நான் மறைக்கவில்லை. சருகு கூட்டுகிற அம்மாவிடம் போய் மரம் நல்லது என்று சொன்னால் துடைப்பத்தைத் திருப்பிப் பிடிப்பார். ஆள் பற்றாக்குறையில் மூன்று பேர் வேலையை ஒருவர் செய்கிறார். பங்குனியில் வேம்பு உதிர்த்தால் கூட்டக் கூடக் கொட்டிக்கொண்டே இருக்கும். அதற்கு வழி, எல்லா இடத்தையும் கூட்டச் சொல்லாமல் இருப்பது. பாதையை மட்டும் கூட்டி, சருகை மரத்தைச் சுற்றி வட்டமாகத் தள்ளிவிட்டால் அதுவே உரம், அதுவே ஈரம் காக்கும். குவித்து எரிப்பதை முதலில் நிறுத்துங்கள். அந்தப் புகை நேராக வகுப்புக்குள்தான் வருகிறது. கிளை ஒடிந்து விழும் பயமும் வீண் பயமில்லை. காற்றுக்காலத்துக்கு முன் ஒருமுறையும் ஐப்பசி மழைக்கு முன் ஒருமுறையும் விவரம் தெரிந்தவரை வைத்துப் பார்த்துக் காய்ந்த கிளையைக் கழித்தால் போதும். பொந்து இருக்கிறது என்பதற்காக மட்டும் ஒரு மரத்தைக் கண்டம் செய்யாதீர்கள், அங்கே யாராவது குடியிருப்பார்கள். மரத்தைச் சுற்றித் தூரைத் தொட்டுக்கொண்டு சிமெண்ட் பூசுவது, கல்லூரி விழாவுக்கு ஆணி அடித்து சீரியல் பல்பு தொங்கவிடுவது, இதெல்லாம் வெட்டாமலே கொல்கிற வேலை. கட்டட விரிசலில் முளைக்கிற அரசங்கன்றைப் பிடுங்கத்தான் வேண்டும், அதில் எனக்கும் மாற்றுக் கருத்தில்லை.

கல்லூரிகளின் தரத்தை மதிப்பிட வரும் நாக் குழுவின் மதிப்பெண்ணில் பசுமை வளாகத்துக்கும் இடமுண்டு என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் இருந்த இடத்தில் குழு வருவதற்கு முந்தின வாரம் நர்சரியிலிருந்து தொட்டிகள் வாடகைக்கு வந்து இறங்கும். குழு கிளம்பிய மறுநாள் அதே வண்டியில் திரும்பிப் போகும். ஒரு தடவை வண்டிக்காரர் எங்கள் துறையின் சொந்தக் குரோட்டன்ஸ் தொட்டி இரண்டையும் சேர்த்து ஏற்றிவிட்டார். அவை ரெஜிஸ்டரில் இருந்ததால் ஓடிப்போய் இறக்கிவிட்டேன்.

அதனால் நான் கேட்பது ஒன்றுதான். மரத்தை ரெஜிஸ்டரில் ஏற்றுங்கள்.

அழகர்மலை, மேலூர் பக்கம் கோவில்காடுகளுக்கு ரெஜிஸ்டர் கிடையாது. சாமிதான் ரெஜிஸ்டர். ஒரு குச்சி ஒடித்தாலும் கருப்பு கேட்பார் என்ற பயம் போதும். மேலூர் பக்கத்து அரிட்டாபட்டி மலையை டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டபோது, அந்த ஜனங்கள் விடாமல் நின்று 2025 ஜனவரியில் அதை ரத்து செய்ய வைத்ததும் அந்த மண்ணில்தான். கல்லூரிக்குள் கருப்பு காவலுக்கு வரமாட்டார். இங்கே எல்லோரும் பயப்படுவது ஆடிட்டுக்குத்தான். ஆகவே அந்த வழியிலேயே போவோம்.

ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு எண். தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில் சுற்றளவு, அதுதான் வனத்துறை அளக்கிற உயரம். நிழலின் அகலம், காலை, மதியம், மாலை எந்தப் பக்கம் விழுகிறது என்ற குறிப்பு. தாவரவியல் மாணவர்களுக்கு இதை பிராஜெக்டாகக் கொடுத்தால் ஒரு செமஸ்டரில் முடிந்துவிடும். கெமிஸ்ட்ரி ஸ்டாக்கை இயற்பியல் ஆசிரியர் சரிபார்ப்பது போல, வருடத்துக்கு ஒருமுறை வேறு துறைக்காரர் வந்து எண்ணட்டும். கழிக்க வேண்டுமானால் கமிட்டி, காரணம், கையெழுத்து. அதில் ஒரு கையெழுத்து மாணவருடையதாக, முடிந்தால் மதிய ஷிப்ட் மாணவருடையதாக இருக்கட்டும். அரசு நிலத்தில் இருக்கிற கல்லூரிகள் மரம் வெட்டுவதற்கு முன் ஆட்சியர் தலைமையிலான மாவட்டப் பசுமைக் குழுவிடம் போக வேண்டும் என்ற ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது. தனியார் கல்லூரிகளை யாரும் கேட்பதில்லை, நீங்களே உங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். புதுக் கட்டடத்துக்கு வரைபடம் போடும்போது கிணற்றையும் கரண்ட் கம்பத்தையும் குறிப்பது போல மரத்தையும் தலையின் அகலத்தோடு குறித்துவிட்டால், பாதிச் சண்டை காகிதத்திலேயே தீர்ந்துவிடும்.

எந்தக் கல்லூரி கூப்பிட்டாலும் வருகிறேன். டேப், சாக்பீஸ், எண் அடிக்கப் பெயின்ட் டப்பா எல்லாம் என்னிடம் இருக்கின்றன. மதியத்துக்குச் சாப்பாடும் கட்டிக்கொண்டு வந்துவிடுவேன், உட்கார ஒரு மரத்தடி மட்டும் காட்டினால் போதும். நீளவாக்கில் கோடு போட்ட 200 பக்க ரெஜிஸ்டர் ஒன்றை பைண்ட் செய்து வைத்திருக்கிறேன். நான் வேலை பார்த்த கல்லூரியின் வாசல் புளியமரத்தைப் போன வாரம் வாட்ச்மேன் அண்ணனோடு சேர்ந்து அளந்தேன். மாதிரிக்கு முதல் பதிவைக் கீழே கொடுத்திருக்கிறேன். கடைசிக் கட்டத்தில் கையெழுத்து இல்லை. அது உங்களுடையது.

எண்: 1. பெயர்: புளி. இடம்: பிரதான வாசல், இடப்புறம். நிலை: நன்று, தெற்குக் கிளையில் ஒரு ஆணி (பிடுங்கப்பட்டது). நிழல்: காலையில் சைக்கிள் ஸ்டாண்டு, மதியத்துக்கு மேல் பஸ் நிறுத்தம் வரை. பயன்படுத்துவோர்: காலை 7.45 முதல் பேரையூர் பஸ் மாணவியர், 12 மணி முதல் இரண்டாம் ஷிப்ட், 38 டூவீலர், ஒரு இளநீர் வண்டி. சரிபார்த்தவர் கையொப்பம்:

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆய்வக உதவியாளர் ஒருவர்,
மதுரை.